அரிசி இல்லாத நாளில் எரிந்த அடுப்பு
நம்ம ஊர் சமையலில் "பதில் சாமான்" வந்த கதை

மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, கடன், சேமிப்பு, வங்கி இணைப்பு பற்றியெல்லாம் மற்றவங்க எழுதுவாங்க, நான் அடுப்படிப் பக்கம் போறேன் என்று சொல்லிவிட்டேன். நம்ம எல்லாருக்கும் அத்துப்படியான இடம் அதுதான். ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

தேங்காய் விலை ஏறினால் மல்லாட்டையை வறுத்துச் சட்னி அரைக்கிறோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினபோது புளியைக் கொஞ்சம் கூட்டி ரசம் வைத்தோம். துவரம்பருப்பு டப்பாவில் அடி தெரிந்தால் பாதி பாசிப்பருப்பைச் சேர்த்துச் சாம்பாரை ஒப்பேற்றுகிறோம். இதை யாரும் பெரிய வித்தை என்று நினைக்கிறதில்லை, நாமும் நினைக்கிறதில்லை. ஆனால் இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களுக்குப் பின்னால் பஞ்சம் இருக்கு, உலகப்போர் இருக்கு, ரேஷன் இருக்கு, தேர்தல்கூட இருக்கு.

முதலில் மிளகாயைப் பாருங்க. அது நம்ம நாட்டுச் செடியே இல்லை. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் மூலமாக 16-ம் நூற்றாண்டில் வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகுதான். மிளகு மலையில் விளைந்து கப்பலேறுகிற விலையுள்ள சரக்கு. புதுசாக வந்த காய் கொல்லையிலேயே காய்த்தது. மிளகு மாதிரி காரமான காய், அதனால் மிளகாய். பெயரிலேயே "நான் மிளகுக்குப் பதில் வந்தவள்" என்று எழுதி ஒட்டியிருக்கு. விலை உயர்ந்த சாமானுக்குப் பதில் விலை குறைந்த சாமான் என்ற கணக்கில் இதைவிடப் பெரிய வெற்றி நம்ம சமையலில் வேறு இல்லை என்பேன். தக்காளி அதற்கும் ரொம்பப் பின்னால் வந்தது. புளி ரசம்தான் மூத்தவள், தக்காளி ரசம் தங்கச்சி.

மல்லாட்டையும் அப்படித்தான். மணிலாக்கொட்டை என்பதுதான் நம்ம பக்கத்து வாயில் மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டை ஆயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் ஊர். பிறந்த இடம் என்னவோ தென் அமெரிக்கா. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இது ஏராளமாகப் பயிரானது. அப்போது திருவண்ணாமலை தாலுகா தென்னார்க்காட்டில்தான் இருந்தது, 1911-ல்தான் வடார்க்காட்டோடு சேர்த்தார்கள். விளைந்த கொட்டை நம்ம வீட்டுச் சட்டிக்கு வருவதற்கு முன்னாலேயே புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. நல்லெண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெய் நம்ம வீட்டுத் தாளிப்புக்கு வந்தது மெதுமெதுவாகத்தான்.

ஆனால் எல்லா மாற்றமும் இப்படிச் சுகமாக வரவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-ல் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணம் முழுக்கப் பட்டினி. வடார்க்காடும் கடுமையாக அடிபட்டது. லட்சக்கணக்கானவங்க செத்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அந்த நாளிலும் துறைமுகத்திலிருந்து தானியம் வெளியூருக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஊரில் தானியமே இல்லை என்பதைவிட, அதை வாங்கக் கையில் காசு இல்லை என்பதுதான் பெரிய சாவு.

நம்ம பக்கம் மானாவாரி பூமி. அன்றைக்கு அன்றாடச் சாப்பாடு கேவுரு, கம்பு, சாமை, வரகு, தினைதான். நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும். மழை போனதும் புன்செய்த் தானியம் போயிற்று. அதற்குப் பதில் என்ன? காட்டுக்கீரை, காட்டுக்கிழங்கு, வறுத்து இடித்த புளியங்கொட்டை. புளியங்கொட்டையைத் தின்பதை இன்றைக்குச் "சிக்கனச் சமையல்" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். விருப்பப்பட்டு மாற்றுவது ஒன்று, வேறு வழியில்லாமல் விழுங்குவது வேறு. சமையல் சரித்திரம் எழுதுகிறவங்க இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

பஞ்ச நிவாரணம் என்று சர்க்கார் ரோடு போடவும் ஏரி வெட்டவும் ஜனங்களைக் கூப்பிட்டது. 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். அவர் போட்ட கணக்கு: மண் சுமக்கிற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைச்சல். அதே வெயில், அதே மண், ஆனால் தட்டில் குறைச்சல்!

அப்போது மாகாண சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர் இதை எதிர்த்து எழுதினார். ஒன்றரை பவுண்டு தானியமாவது வேணும், அதோடு பருப்பும் காய்கறியும் வேணும், வெறும் அரிசியைத் தின்று கொண்டு கடின வேலை செய்ய முடியாது என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்தது. 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு என்று ஆயிற்று. அந்த 43 கிராமை நான் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கைப்பிடிப் பருப்புக்கு ஒரு டாக்டர் அரசாங்கத்தோடு சண்டை போட வேண்டியிருந்தது. சோறு மட்டும் இருந்தால் போதும், கூட என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாம் என்ற நினைப்பு இன்றைக்கும் நம்மில் பல வீடுகளில் இருக்கிறதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். நம்ம ஊரில் சிக்கனச் சமையல் என்றால் ரமணாசிரம அடுப்படியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாமி கும்பிடும் விஷயத்துக்காகச் சொல்லவில்லை, சமையல் விஷயத்துக்காகச் சொல்கிறேன். ரமணர் 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தார். மலைக் குகையில் இருந்த காலத்தில் ஊருக்குள் பிச்சை எடுத்து வந்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து, வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கிக் குடிப்பார்களாம். சில நாள் உப்புகூட இருக்காது. அவர் அம்மா அழகம்மாள் 1916-ல் வந்து தங்கிய பிறகுதான் ஸ்கந்தாசிரமத்தில் ஒழுங்கான அடுப்பு எரிந்தது. அந்த அம்மா அப்பளம் இடத் துணைக்குக் கூப்பிட்டபோதுதான் அவர் அப்பளப் பாட்டு எழுதினார் என்பது நம்ம ஊரில் பலருக்கும் தெரியும். அந்த அப்பளத்தில் உளுந்து மாவோடு பிரண்டைச் சாறு சேர்கிறது. வேலியில் சும்மா படர்கிற பிரண்டைக்கு நம்ம அடுப்படியில் அவ்வளவு மரியாதை.

பின்னால் கீழே ஆசிரமம் பெரிதானபோது சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்ற பெண்கள் அங்கே சமைத்தார்கள். ரமணரே விடியற்காலையில் காய் நறுக்க வந்து உட்கார்ந்துவிடுவார். எதையும் வீணாக்க விடமாட்டார். ஒரு சமயம் நிறையக் கத்தரிக்காய் வந்து சேர்ந்தது. நாள்தோறும் கத்தரிக்காய்ச் சமையல். நறுக்கிப் போட்ட காம்பு ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அதையும் சமைக்கச் சொன்னார். மாடுகூடத் தின்னாதே என்று சம்பூர்ணம்மாளுக்குத் திகைப்பு. காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேகவைத்தார்கள். ஆறு மணி நேரம் ஆகியும் காம்பு குச்சி மாதிரியே கிடந்ததாம். ஆனால் கடைசியில் அது கூட்டாகி இலைக்கு வந்தபோது நன்றாகவே இருந்தது என்று அந்த அம்மா நினைவு சொல்லியிருக்கிறார்.

கதை அழகுதான். ஆனால் குழுக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இன்னொரு கேள்வி வரும். ஆறு மணி நேர விறகு என்ன விலை? ஆறு மணி நேரம் அடுப்பிடம் நிற்கிற ஆளின் கூலி என்ன? ஆசிரமத்தில் அதை ஒரு பாடமாகச் செய்யலாம். கேஸ் சிலிண்டர் வாங்குகிற வீட்டில் கத்தரிக்காய்க் காம்பை வேகவைப்பது சிக்கனம் ஆகாது, காம்போடு சேர்த்து எண்ணெய்க் கத்தரிக்காய் வைப்பது சிக்கனம். பதில் சாமான் மலிவு என்று சொல்கிறவங்க அதை இடிக்க, ஊறவைக்க, வேகவைக்க ஆகும் நம்ம நேரத்தை எப்போதும் சும்மா என்றே எழுதிவிடுகிறார்கள்.

கேவுருவும் கம்பும் நம்ம வீட்டைவிட்டுப் போனதற்கும் இது ஒரு காரணம். கம்பை இடித்துப் புடைத்து, கேவுரை ஏந்திரக்கல்லில் அரைத்து, ராத்திரி கூழ் காய்ச்சிப் புளிக்கவைத்து... செய்தவங்களுக்குத்தான் தெரியும் தோள்வலி. அரிசி மில்லிலிருந்து தீட்டி வந்தது, களைந்து போட்டால் முடிந்தது. நம்ம ஆயாமார் நெல்லுச் சோற்றுக்கு மாறினதை "நாகரிக மோகம்" என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஒரு வாரம் உலக்கை பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அடுத்த பெரிய அடி இரண்டாம் உலகப்போர். சென்னை மாகாணத்துக்குப் பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அரிசி நின்றது. 1943-ல் சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. கார்டு, கியூ, அளவு அரிசி எல்லாம் அப்போது ஆரம்பித்ததுதான்.

அந்தப் போர்க்காலத்தில் பிறந்த இரண்டு பதில் சாமான்கள் இன்றும் நம்ம வீட்டில் இருக்கின்றன. ஒன்று ரவா இட்லி. அரிசி கிடைக்காத அந்த நாளில் இட்லிக்கு ரவையைப் போட்டுப் பார்த்தோம், அது பிடித்துப்போயிற்று என்று பெங்களூரு மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். இன்னொன்று இன்னும் சுவாரசியம்: ஜவ்வரிசி. அசல் ஜவ்வரிசி மலேயா பக்கத்தில் ஒரு வகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து எடுப்பது. போரில் அது வருவதும் நின்றது. 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவரும், பினாங்கில் இந்தத் தொழிலைத் தெரிந்து வந்த போபட்லால் ஷா என்பவரும் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து அதே மாதிரி மணிகளை உருட்ட ஆரம்பித்தார்கள். போர் முடிந்தது, அசல் திரும்பி வரவில்லை, பதில் சாமானே அசலாகிவிட்டது. பாயசத்திலும் வடாமிலும் நாம் போடுவது அந்தப் போலிதான். ருசியில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து மட்டும். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியே தெம்பு என்று நாள்கணக்கில் கொடுப்பது சரியில்லை, பாலோ பருப்போ சேர வேண்டும்.

மரவள்ளியே ஒரு பதில் சாமான்தான். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். பர்மா அரிசி நின்றபோது கேரளத்து ஏழை வீடுகளைக் காப்பாற்றியது அந்தக் கிழங்கு. அவங்க அதைத் தனியாகத் தின்னவில்லை, மத்தி மீனோடு தின்றார்கள். கிழங்கில் இல்லாத சத்தை மீன் கொடுத்தது. யாரும் புத்தகம் படித்துச் செய்ததில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் பற்றாக்குறை தீரவில்லை. 1950-ல் மத்திய உணவு அமைச்சரான கே.எம்.முன்ஷியின் மனைவி லீலாவதி முன்ஷி, பெண்களைச் சேர்த்து அகில இந்திய மகளிர் உணவுக் குழு ஒன்றை ஆரம்பித்தார். "அன்னபூர்ணா" என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகள் திறந்தார்கள். ரேஷன் தானியம் இல்லாமல் கிழங்கு, காய், பருப்பு இவற்றை வைத்துப் பலகாரம். பெண்கள் சேர்ந்து நடத்தும் உணவகம் என்ற யோசனை நம்ம குழு கேன்டீனுக்கு முன்னாலேயே இருந்தது என்பதற்காக இதைச் சொன்னேன். அதே காலத்தில் மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தில் மரவள்ளி மாவும் மல்லாட்டை மாவும் கலந்து அரிசி மாதிரியே மணிகள் செய்தார்கள். சத்துக்கணக்குப்படி நல்ல சரக்கு. ஆனால் ஜனங்கள் வாங்கவில்லை. சேலத்துக்காரர் உருட்டிய மணி பாயசத்தில் மிதந்தது, விஞ்ஞானி உருட்டிய மணி நின்றுபோயிற்று. சோற்றுக்குப் பதில் என்று ஒன்றைக் கொடுத்தால் நம்ம நாக்கு ஒத்துக்காது, பலகாரம் என்று கொடுத்தால் ஒத்துக்கும். எனக்குத் தோன்றுகிற காரணம் அதுதான்.

நம்ம மாநிலத்தில் 1952-ல் ராஜாஜி முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். கொஞ்ச காலம் மூச்சு விட்டோம். 1965, 66-ல் மறுபடி வறட்சி. பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார். அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. சப்பாத்திக் கட்டையே இல்லாத வீடுகளில் கோதுமையை என்ன செய்வது? உடைத்துக் கஞ்சி, உப்புமா, கரைத்துத் தோசை. பள்ளிக்கூடத்தில் "கேர்" அமைப்பு கொடுத்த மக்காச்சோள மாவும் பால் பவுடரும். 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னதும், ஒரு படி நிச்சயம் என்றதும், அந்தப் பசிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சோற்றுப் பானை ஆட்சியை மாற்றும் என்று இந்த மாநிலத்துக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நமக்கே தெரியும். 2007-ல் ரேஷனில் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, பாமாயில். துவரம்பருப்புக்குப் பதில் சில மாதம் கனடா மஞ்சள் பருப்பு. வேக நேரம் எடுக்கும், ருசி வேறே என்று முதலில் முகம் சுளித்தோம், பிறகு வடைக்கும் கூட்டுக்கும் ஆகும் என்று கண்டுபிடித்தோம். 2008-ல் கிலோ அரிசி ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். பசி விஷயத்தில் இது பெரிய காரியம், யார் கிண்டல் செய்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனால் மல்லாட்டை விளைகிற மாவட்டத்தில் மலேசியா, இந்தோனேசியா பக்கத்து எண்ணெயில் தாளிக்கிறோம் என்பதையும் ஒரு நிமிஷம் யோசிக்கணும். மார்செய்க்குக் கொட்டை அனுப்பிய கதையேதான்.

இன்னொரு மாற்றம் யாருடைய கணக்கிலும் வரவில்லை. காலையில் கூழுக்குப் பதில் டீ. 1930-களில் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக இலவச டீ ஊற்றி விளம்பரம் செய்தார்கள். இன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போகிற நம்ம அக்காக்கள் பலர் ஒரு டீயும் பொறையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வெயிலில் நிற்கிறார்கள். 100 கிராம் கேவுரில் சுமார் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அதே அளவு அரிசியில் பத்துதான். டீயில் எவ்வளவு என்று கேட்காதீங்க, பால் எத்தனை சொட்டு என்பதைப் பொறுத்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசி இலவசமாக வந்து பல வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது. வீட்டில் குழம்பு குறைந்தால் யார் தட்டில் ரசமும் ஊறுகாயும் பதிலாக வருகிறது? எல்லாரும் சாப்பிட்ட பிறகு உட்காருகிறவங்க தட்டில்தான். இத்தனை வருஷ சரித்திரத்தில் அதிகம் மாறாத பதில் சாமான் அது ஒன்று. இதற்கு விலை மலிவான சமையல் குறிப்பு எதுவும் இல்லை. பருப்புக் கரண்டியை முதலிலேயே எல்லாத் தட்டுக்கும் பங்கு போட்டால்தான் உண்டு.

கையில் இருக்கிற நல்ல மாற்றங்களும் நிறைய. முருங்கைக்கீரை போட்ட கேவுரு அடை. 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிற மல்லாட்டை, துவரம்பருப்பில் 22தான், அதனால் பருப்பு இல்லாத நாளில் காரக்குழம்பில் ஊறவைத்த மல்லாட்டையை ஒரு பிடி போடலாம். ஜவ்வாது மலைச் சாமையில் பொங்கல். இதில் ஒரு வேடிக்கை, ஏழைச் சாப்பாடு என்று நாம் விட்ட சாமையைத் தீட்டிப் பாக்கெட்டில் போட்டதும் அரிசியைவிட விலை ஏறிவிட்டது. கிரிவலத்துக்கு வருகிற வெளியூர்க்காரங்க "ஹெல்த்" என்று வாங்கிப்போகிறார்கள்.

2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைப்பது நம்ம மாதிரிக் குழுப் பெண்கள்தான். ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய்கறி சாம்பார். பற்றாக்குறையில் வீட்டுக்குள் நுழைந்த கோதுமை ரவையை அந்த அம்மாக்களின் பேரப்பிள்ளைகள் இப்போது விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேவுரு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் கேவுருக்குப் பதில் அரிசி கேட்டோம், இப்போது அரிசிக்குப் பதில் கேவுரு. நம்ம மாவட்டத்துக்கும் அது வந்தால் நல்லதுதான். ஆனால் அது முழுத் தானியமாக வரும். கழுவி, காயவைத்து, மெஷினில் கொடுத்து அரைக்கணும், அதற்குக் கூலி கொடுக்கணும், ஒரு அரை நாள் போகும். கூட்டமைப்புக்கு ஒரு மாவு மெஷின் போட்டால் அந்தக் கூலி நமக்குள்ளேயே சுற்றும் என்று நம்ம குழுவில் ஒரு பேச்சு இருக்கிறது. எத்தனை வீட்டுக் கேவுரு வரும், கரண்டு பில் எவ்வளவு ஆகும் என்ற கணக்கோடு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாங்க, பேசுவோம்.